மரக்கன்றுகளை எண்ண என்ன வாங்கலாம்? பாரிமுனைச் சாமான்களும் ஒரு பிவிசி குச்சியும்

காட்டில் இளம் மரக்கன்றுகளை இனம்வாரியாக எண்ணத் தேவையான சாமான் எல்லாமே சென்னையின் பாரிமுனை ஹார்டுவேர் சந்துகளிலும் ரிச்சி தெருவிலும் கிடைத்துவிடும். ரெடிமேட் கிட் தேடி அலைய வேண்டாம். எதில் காசு போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். தண்டின் விட்டம் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர், விலை கூடிய ஜிபிஎஸ் எல்லாம் பையில் இருக்கும். எண்ணும் இடத்தைக் குறிக்க வட்டம் போட மட்டும் நாலு முழம் நைலான் கயிறு.

அந்தக் கயிறு செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கன்றுகள் அடர்ந்து நிற்பதால் சின்ன வட்டத்தில்தான் எண்ண முடியும். அமெரிக்கத் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பில் அந்த வட்டத்தின் ஆரம் 6.8 அடி, அதாவது 2.07 மீட்டர். ஜெர்மனியில் அரை மீட்டரைத் தாண்டிய கன்றுகளுக்கு 2 மீட்டர். 2 மீட்டர் ஆரம் என்றால் பரப்பு 12.57 சதுர மீட்டர். அதை ஹெக்டேருக்குப் பெருக்கும்போது நீங்கள் எண்ணும் ஒவ்வொரு கன்றும் 796 கன்றாகிவிடும். விளிம்பில் நிற்கும் இரண்டைத் தவறாக உள்ளே சேர்த்தால் ஹெக்டேருக்குக் கிட்டத்தட்ட 1,600 கன்று வெறும் காகிதத்தில் முளைக்கும். நைலான் இழுத்தால் நீளும். 2 மீட்டர் கயிறு 10 சென்டிமீட்டர் நீண்டால் பரப்பு பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே கூடிவிடும். கயிறு வேண்டாம்.

ஃபைபர் டேப் பரவாயில்லை. வாங்கும்போது நுனியைப் பாருங்கள்: சிலவற்றில் பூஜ்யம் வளையத்தின் வெளி விளிம்பில் தொடங்கும், சிலவற்றில் வளையம் தாண்டி உள்ளே அச்சிட்டிருக்கும். ஒரே குழுவில் இரண்டு வகையும் கலந்தால் தவறு எங்கிருந்து வந்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

நாங்கள் சிபாரிசு செய்வது முக்கால் இஞ்ச் பிவிசி பைப். முழு 2 மீட்டர் துண்டு பஸ்ஸில் ஏறாது. இரண்டாக வெட்டி, இரண்டையும் இணைக்க நடுவில் கப்ளிங் போட வேண்டும். இங்கேதான் கவனம். பைப் கப்ளிங்குக்குள் முழுசாக இறங்காவிட்டால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கூடிவிடும். அதனால் முதலில் இரண்டையும் அழுத்திப் பொருத்தி, கப்ளிங்கின் வாய் தொடும் இடத்தில் பைப்பில் கோடு போட்டு, அதன் பிறகு நுனியை 2 மீட்டருக்கு அறுக்க வேண்டும். காட்டில் மாட்டும்போது கோட்டுக்கும் கப்ளிங்கின் வாய்க்கும் நடுவில் இடைவெளி தெரிந்தால் பைப் சரியாக இறங்கவில்லை என்று பொருள். நீளத்தை வட்டத்தின் நடுவில் மண்ணில் அடிக்கும் முளையின் மையத்திலிருந்து அளக்க வேண்டும், குச்சியை அதில் மாட்டும் வளையத்திலிருந்து அல்ல. மூடி போட்டால் அதன் தடிமனும் கணக்கில் வரும்.

கன்றுகளை உயர வகுப்புகளாகப் பிரிக்க உயரக் குறிகளையும் அதே குச்சியில் போட்டுக்கொள்ளலாம்: 20, 30, 50 சென்டிமீட்டர், பிறகு 1 மீட்டர், மார்பளவுக்கு 1.37 மீட்டர். இன்சுலேஷன் டேப் சுற்றாதீர்கள். சென்னை வெயிலில் பசை இளகி, காலையில் 30-ல் இருந்த பட்டை மதியம் 32-க்கு நழுவிவிடும். ஹேக்ஸா பிளேடால் லேசாகக் கீறி, கீறலில் ஆயில் பெயிண்ட் தடவுங்கள். ஆழமாகக் கீறினால் அங்கேயே ஒடியும்.

எண்ணும் முறை எளிது. வடக்கில் தொடங்கிக் கடிகாரத் திசையில் குச்சியைச் சுற்ற வேண்டும், முதல் கன்றில் ஒரு துணி கட்ட வேண்டும். மண்ணில் இருக்கும் தண்டின் மையம்தான் உள்ளேயா வெளியேயா என்பதைத் தீர்மானிக்கும். இலை எங்கே நீண்டாலும் கவலையில்லை. முள் புதரில் குச்சி சுழலாது. அப்போது கழற்றி, பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு கன்றாக நீட்டிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. பொறுமை வேண்டும்.

பொத்தானை அழுத்தி எண்ணும் கை எண்ணி மலிவுதான், ஆனால் ஒன்று ஓர் இனத்தை மட்டும்தான் எண்ணும்; பாக்கெட்டில் உரசித் தானே பூஜ்யமாகும் பழக்கமும் அதற்கு உண்டு. காகிதத்தில் நாலு புள்ளி, நாலு பக்கக் கோடு, இரண்டு குறுக்குக் கோடு என்று பத்துக்கு ஒரு பெட்டி போடும் பழைய முறை எவ்வளவோ மேல். தண்டும் வேரும் சேரும் வேர்க்கழுத்தின் விட்டத்துக்கு பிளாஸ்டிக் காலிப்பர் போதும். கடல் காற்றில் இரும்புக் காலிப்பர் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஜிபிஎஸ்ஸுக்குத் தனிக் கருவி அவசியமில்லை. போன் திறந்த வெளியிலேயே சில மீட்டர் தள்ளிக் காட்டும்; 2 மீட்டர் வட்டத்தை அதை நம்பி மறுபடி கண்டுபிடிக்க முடியாது. நடு முளைதான் அடையாளம். இரும்பு முளை காயலான் கடைக்குப் போய்விடும் என்பதால் மண்ணோடு மட்டமாக இறக்கிய பிவிசி துண்டு நல்லது. பதிவுக்கு ஓடிகே கலெக்ட் (ODK Collect) என்ற போன் செயலி நல்ல தேர்வு: இலவசம், நெட் இல்லாமலும் ஓடும்.

ஆனால் படிவத்தில் இனப் பட்டியலை நீங்கள்தான் தயாரிக்க வேண்டும், அதில்தான் பாதிக் கணக்கெடுப்பு கெடுகிறது. ‘பாலை’ என்று மட்டும் எழுதினால் உலக்கைப்பாலையா, வெட்பாலையா, ஏழிலைப்பாலையா? மூன்றும் வேறு வேறு இனம், முதலாவது குடும்பத்திலேயே வேறு. ‘வேலம்’ என்றால் கருவேல், வெள்வேல், குடைவேல், போதாததற்குச் சீமைக்கருவேல். ஒரு வட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் புரிந்துகொள்ளலாம். மண்டலம் மண்டலமாகக் கூட்டும்போது இந்தப் பெயர்கள் உதவாது. தமிழ்ப் பெயருக்குப் பக்கத்திலேயே தாவரவியல் பெயரைப் பூட்டிவிடுங்கள்: உலக்கைப்பாலைக்கு மணில்காரா ஹெக்சாண்ட்ரா, வெட்பாலைக்கு ரைட்டியா டிங்டோரியா. ‘தெரியவில்லை’ என்ற தேர்வும் அதோடு கட்டாயப் படமும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் தெரியாத கன்றெல்லாம் வேம்பாகிவிடும். உண்மையான வேம்போ முளைத்த புதிதில் மூன்று சிற்றிலைதான் காட்டும். பெரிய மரத்து இலையை மனதில் வைத்துத் தேடினால் அதையே தவறவிடுவீர்கள்.

விதிகளையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். ஒரே நாவல் கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். வெட்டிய அடிக்கட்டையில் பத்துத் துளிர் கிளம்பும். இப்படி ஓரிடத்திலிருந்து வருவதை ஒன்றாக எண்ணுவதே முறை. பனங்கன்று தண்டே இல்லாமல் வருடக்கணக்கில் ஓலையாக நிற்கும் என்பதால் அதற்கு உயர வகுப்பு பொருந்தாது, தனிப் பத்தி கொடுங்கள். மாதமும் முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் எண்ணியதையும் மே மாதக் கணக்கையும் ஒப்பிட்டால் காடு அழிந்துவிட்டதாகத் தோன்றும். காய்ந்துபோனதெல்லாம் அந்த வருட முளைகள். அமெரிக்கர்கள் அகன்ற இலை மரக் கன்றுகளில் ஓரடிக்குக் குறைந்ததை எண்ணாமல் விடுவதால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி குறைகிறது.

கிண்டி தேசியப் பூங்காவிலோ நன்மங்கலம் காப்புக்காட்டிலோ வனத்துறை அனுமதி இல்லாமல் குச்சியோடு நுழைய முடியாது. பழக வேண்டுமென்றால் மரம் நிறைந்த ஏதாவது கல்லூரி வளாகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரே வட்டத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, தொகை ஒத்துப்போகும்வரை அடுத்த வட்டத்துக்குப் போகாதீர்கள்.