41 வயதில் தொழில் மாற்றம்: என்பிடெல் பாடங்களுடன் மூன்று ஆண்டுகள்

அம்பத்தூரில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் 17 ஆண்டுகள் பணியாற்றிய நான், 41 வயதில் தரவுப் பகுப்பாய்வுப் பணிக்கு மாற முடிவு செய்தேன். முதலில் ஒரு தனியார் ஆலோசனை நிறுவனத்திடம் பணம் கட்டினேன். இத்தனை ஆண்டுகளாக நான் என்ன வேலை செய்தேன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்த ஏமாற்றத்துக்குப் பிறகே என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் திட்டத்தின் பக்கம் வந்தேன்.

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் இந்தத் திட்டத்தில் பாடத்தில் சேரக் கட்டணம் கிடையாது. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் 1,000 ரூபாய் கட்டினேன். நடு வயதில் திசை தேடுபவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை, ஜாவா நிரலாக்கப் பாடத்தை மூன்றாவது வாரத்தில் விட்டபோது உணர்ந்தேன். ஒரு துறை நமக்கு ஒத்துவராது என்பதைக் கைப்பணத்தை இழக்காமல் தெரிந்துகொள்ள முடிந்தது.

அடுத்து எடுத்த, உற்பத்தியில் குறைபாடுகளைக் குறைக்கும் முறையான சிக்ஸ் சிக்மா பற்றிய பாடம்தான் வழியைக் காட்டியது. உற்பத்தி சீராக நடக்கிறதா என்று காட்டும் வரைபடமான கண்ட்ரோல் சார்ட்டை ஆடிட்டுக்காகப் பல ஆண்டுகள் நிரப்பியிருந்தும், அதன் எல்லைக் கோடுகள் உதிரிபாகத்துக்கு வாடிக்கையாளர் தரும் வரைபடத்தில் உள்ள அளவுகளிலிருந்து வருபவை அல்ல, உற்பத்தியின் சொந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே கணக்கிடப்படுபவை என்பதன் முழுப்பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் விட்டு விலக நினைத்த வேலைக்குள்ளேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இருந்திருக்கிறது.

பன்னிரண்டு வாரப் பாடத்தில் வாராந்தரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பன்னிரண்டு பயிற்சிகளில் சிறந்த எட்டை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். இரவு ஷிப்ட் வந்த வாரங்களில் அந்த விதிதான் என்னைக் காப்பாற்றியது.

ஆனால், தனியாகக் காணொளி பார்த்து இதை முடித்திருப்பேன் என்று நான் நம்பவில்லை. அதே தேர்வுக்குப் படித்த இருவரோடு ஞாயிறுதோறும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்த நூல்களைக் கொண்டுவந்து படிக்கும் பிரிவில் உட்காருவேன். ஒருவர் சோர்ந்தால் மற்ற இருவரும் விடமாட்டோம். வீட்டில் என் மனைவி பிள்ளைகளின் படிப்பு முழுவதையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஆறு மாதச் செலவுக்கான தொகையைத் தனியே எடுத்து வைத்த பிறகே வேலையை விட்டேன்.

சான்றிதழைக் காட்டி மட்டும் வேலை கிடைத்துவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். மேலாளரின் அனுமதியோடு, எங்கள் லைனின் ஆறு மாத ரிஜெக்‌ஷன் பதிவுகளை நான் ஆராய்ந்து வைத்திருந்தேன். நேர்காணலில் பெரும்பாலான கேள்விகள் அதைப் பற்றியே வந்தன. தொடக்கச் சம்பளம் பழையதைவிடக் குறைவு, அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேதான் போனேன்.

இந்த ஜனவரியில், சிறந்த முடிவுகளைக் கணித முறையில் கண்டறியும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பாடத்தில் சேர்ந்திருக்கிறேன். பழைய தொழிற்சாலையிலிருந்து இன்னொருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறார்.