ரேஷன் அரிசியா, கணக்கில் பணமா?

உணவு மானியத்தைப் பொருளாகக் கொடுப்பதா, பணமாகக் கொடுப்பதா என்ற வாதம் வளரும் நாடுகள் பலவற்றில் ஓயாமல் நடக்கிறது. நமக்கு அது பக்கத்து ஊர்ச் சங்கதி. கடலூர் மாவட்டத்தில் ரேஷன் கடை. எல்லை தாண்டிப் புதுச்சேரியின் பாகூருக்குள் போனால் வங்கிக் கணக்கு. பல ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது.

தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். அரிசி கார்டு இருந்தால் போதும், வறுமைக்கோட்டுப் பட்டியலைத் தேடி அலைய வேண்டாம். புதுச்சேரி 2015 செப்டம்பரில், சண்டிகரோடு சேர்ந்து, பணத்துக்கு மாறியது.

பணத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது. பிடித்த அரிசியை வாங்கலாம், பருப்போ முட்டையோ வாங்கலாம். பழுப்பேறிய அரிசி, எடைக் குறைச்சல், "கைரேகை விழல, நாளைக்கு வாங்க" என்ற பதில் எதுவும் கிடையாது. கேரளத்துக்குக் கடத்தப்படும் மூட்டைகளும் இருக்காது.

ஆனால் என் ஓட்டு அரிசிக்குத்தான். முதல் காரணம் விலைவாசி. மத்திய அரசு வகுத்த கணக்கில், பணத்தொகை, அரசு கொள்முதலுக்கு வைக்கும் ஆதரவு விலையின் ஒன்றேகால் மடங்கை ஒட்டி நிற்கும். மளிகைக் கடைக்காரர் அந்தக் கணக்கைப் பார்த்தா விலை போடுகிறார்? கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால், அந்த ஐந்தும் வாங்குகிறவர் தலையில்தான். இருபது கிலோ அரிசி, விலை ஏறினாலும் இருபது கிலோதான். அதில் கொஞ்சத்தை ஊறப்போட்டு இட்லிக்கு அரைத்துவிட்டால் இரண்டு வேளைப் பாடு தீர்ந்தது. கணக்கில் விழும் பணமோ, வீட்டுக்கு வருவதற்குள் கரண்ட் பில்லுக்கோ கைமாற்றுக்கோ போய்விடும். வங்கிக்குப் போனால் அரைநாள் கூலியும் போச்சு.

இரண்டாவது, கடை என்பது போய்க் கேட்க ஓர் இடம். சரக்கு வரவில்லை என்றால் தெருவே திரண்டு கேட்கும். பணம் ஏறவில்லை என்றால் பாஸ்புக்கோடு ஒற்றை ஆளாக நிற்க வேண்டும்.

ஊர்விட்டு ஊர் பிழைக்கப் போகிறவர்களுக்குப் பணம் கைகொடுக்கும், மறுக்கவில்லை. எந்த ஊர்க் கடையிலும் வாங்கலாம் என்ற 'ஒரே நாடு ஒரே ரேஷன்' ஒழுங்காக நடந்தால் அந்தக் குறையும் பெரும்பாலும் தீரும்.

புதுச்சேரியில் அப்போதைய முதல்வர் நாராயணசாமி அரிசிதான் வேண்டும் என்றார். அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான் என்றார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. மூடிய கடைகள் 2024 அக்டோபரில், தீபாவளியை ஒட்டித்தான் மீண்டும் திறந்தன.