ஓபன்டூன்ஸ்: வண்ணத்தில் வள்ளல், தமிழ் எழுத்தில் கஞ்சன்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படித்து முடித்து, மாணவர் உரிமமும் காலாவதியாகிவிட்ட ஒரு தம்பி, "அண்ணே, ஹார்மனி மென்பொருளுக்குச் சந்தா கட்டுவதா, இலவசமாகக் கிடைக்கும் ஓபன்டூன்ஸையே வைத்துக்கொள்வதா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார். ஒரு குறும்படத்தின் இறுதிப் பெயர்ப்பட்டியலை நான் மறுபடியும் திருத்திக்கொண்டிருந்த நேரம் அது என்பதால், உடனே அனுப்பிய பதில் இங்கே எழுதத்தக்கதாக இல்லை. பல ஆண்டுகளாக ஓபன்டூன்ஸ் என்ற இந்த அனிமேஷன் மென்பொருளைக் கொண்டே தன்னுரிமைத் தொழில் செய்து வருபவன் என்ற முறையில், சற்று ஆறிய மனத்தோடு இதை எழுத முயல்கிறேன்.

இலவசம் என்றாலே அரைகுறை என்று எண்ணுபவர்கள் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். இத்தாலியின் டிஜிட்டல் வீடியோ நிறுவனம் உருவாக்கிய டூன்ஸ் மென்பொருளை ஜப்பானின் ஸ்டுடியோ கிப்லி 1990களிலிருந்தே தன் தேவைக்கேற்ப மாற்றியமைத்துப் பயன்படுத்தி வந்தது. அந்த மாற்றங்களையும் சேர்த்து, டுவாங்கோ என்ற ஜப்பானிய நிறுவனம் 2016 மார்ச்சில் திறமூலமாக வெளியிட்டதுதான் ஓபன்டூன்ஸ். பிஎஸ்டி வகை உரிமம் என்பதால், இதில் செய்த விளம்பரத்துக்கோ குறும்படத்துக்கோ யாருக்கும் ஒரு காசும் தர வேண்டியதில்லை. சந்தா மென்பொருள்களின் கணக்கு வேறு. வெளிநாட்டிலிருந்து வாங்கும் மின்னிலக்கச் சேவைகளுக்கும் சிங்கப்பூரில் 2020 முதல் பொருள் சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. வேலை வராத மாதத்திலும் சந்தா மட்டும் தவறாமல் வந்துவிடும்.

ஆனால் என்னை இதில் கட்டிப்போட்டது விலை அன்று, வண்ணத்தட்டு. ராஸ்டர் என்பது புள்ளிகளால் ஆன படம். இந்த மென்பொருளுக்கே உரிய டூன்ஸ் ராஸ்டர் வகைப் படத்தில் ஒவ்வொரு படப்புள்ளியும் நிறத்தைச் சேமித்து வைப்பதில்லை. கோட்டின் வண்ண எண், நிரப்பின் வண்ண எண், அவ்விரண்டும் அங்கே எந்த அளவில் கலக்கின்றன என்ற விவரம் ஆகிய மூன்றை மட்டுமே வைத்திருக்கிறது. உண்மையான நிறம் தட்டில் இருக்கிறது. பாட்டி ஒருவர் சந்தைக்குப் போய் வருவதாக ஒரு விளம்பரத்தை வரைந்து, வண்ணமிட்டு, அசைவும் முடித்த பிறகு, பச்சைப் புடவையை மாம்பழ மஞ்சளாக்க முடியுமா என்று வாடிக்கையாளர் கேட்டார். தட்டில் ஒரே ஒரு வண்ணத்தை மாற்றினேன். முந்தானை, கொசுவம், பாட்டி திரும்பும்போது ஒரு நொடி மட்டும் தெரியும் ஓரம் உட்பட எல்லாச் சட்டகங்களிலும் புடவை மஞ்சளாகிவிட்டது. கோடும் நிரப்பும் தனித்தனி எண்களாக இருப்பதால் விளிம்பில் பழைய பச்சையின் கசிவு எங்கும் மிஞ்சவில்லை. நாளை மாலை தருகிறேன் என்று வாடிக்கையாளரிடம் சொன்னது தொழில் தர்மம். தே தாரிக் தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது என்பது நமக்குள் இருக்கட்டும்.

இது படக்கூடத்துக்காகப் பிறந்த மென்பொருள் என்பதைத் தொடக்கத்திலேயே உணர்ந்துவிடலாம். காட்சிக் கோப்பில் ஓவியங்கள் இருக்காது. அவை தனிக் கோப்புகளிலும் வண்ணத்தட்டு இன்னொரு கோப்பிலும் இருக்கும். ஒருவர் ஓவியங்களை ஸ்கேன் செய்ய, ஒருவர் வண்ணமிட, ஒருவர் கேமராவை அமைக்கும் இடத்தில் இந்தப் பிரிவினை மிகப் பொருத்தமானது. வீவக அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் மூவரின் வேலையையும் ஒருவரே செய்யும்போது, கல்யாணச் சமையற்கூடத்தில் நின்று தனக்கு மட்டும் ஒரு தோசை வார்த்துக்கொள்வதைப் போன்ற உணர்வு வரத்தான் செய்யும். கோப்புறையை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டால் இதைக் கடந்துவிடலாம். இதைக் குறை என்று நான் கருதவில்லை.

குறை எழுத்துக் கருவியில் இருக்கிறது. என் வேலையில் பெரும்பகுதி தமிழில்தான் நடக்கிறது: ஏப்ரலில் வரும் தமிழ்மொழி விழாவுக்கான சிறு காணொளிகள், பாலர்பள்ளிப் பாடல்கள், குறும்படத் தலைப்புகள். தட்டச்சு செய்யப்படும் ஒவ்வொரு குறியையும் தனித்தனி உருவமாக்கி, வந்த வரிசையிலேயே அடுக்குவது இந்தக் கருவியின் வழக்கம். ஆங்கிலத்துக்கு அது போதும். 'கொ' என்பதில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதோ, 'கு' என்பது ஒரே வடிவமாக இணைய வேண்டும் என்பதோ அதற்குத் தெரியாது. 'கொக்கு' என்று தட்டினால் கொம்பும் காலும் ககரத்துக்குப் பின்னால் போய்விடுகின்றன. கடைசி ககரத்தின் உகரக் குறி தன் எழுத்தை விட்டு விலகி நிற்கிறது. எரிச்சலை இரட்டிப்பாக்கும் செய்தி ஒன்றும் உண்டு. அதே மென்பொருளின் வண்ணத்தட்டில் ஒரு நிறத்துக்குக் 'கொன்றைப்பூ' என்று பெயரிட்டால், அந்தப் பெட்டியில் எழுத்து அச்சுப் பிசகாமல் தெரிகிறது, ஏனெனில் இடைமுகம் கட்டப்பட்டிருக்கும் கியூட் (Qt) என்ற நிரல் தொகுப்பு தமிழை ஒழுங்காக அமைத்துக்கொள்ளும். திறன் உள்ளேயே இருக்கிறது. வரையும் பலகைக்கு மட்டும் அது எட்டவில்லை.

எனவே ஒவ்வொரு தலைப்பையும் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தட்டச்சு செய்து, பின்னணியற்ற பிஎன்ஜி படமாக வெளியேற்றி, ஓபன்டூன்ஸுக்குள் கொண்டுவருகிறேன். அப்படி வந்த படம் சாதாரண ராஸ்டர் என்பதால், நான் மேலே புகழ்ந்த வண்ணத்தட்டுக்கு அது கட்டுப்படாது. அதை டூன்ஸ் ராஸ்டராக மாற்றினால்தான் நிறம் கைக்கு வரும். பெயர்ப்பட்டியலில் ஒருவர் தம் தலைப்பெழுத்தை மாற்றச் சொன்னால் மூன்று படிகளும் முதலிலிருந்து. எழுத்தைக் கடைசியில் காணொளித் தொகுப்பில் சேர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். அடியில் ஓடும் வசனத்துக்கு அது சரி. கொக்கு பறந்து வந்து 'கொ'வின் கொம்பில் உட்கார, அந்த எழுத்து பாரம் தாங்காமல் சற்று வளைய வேண்டிய படத்துக்கு அது உதவாது. பாலர்பள்ளிகள் விரும்பிக் கேட்பதும் அந்த வகைப் படத்தைத்தான்.

இலவசமாகக் கொடுப்பவர்மேல் கோபப்பட எனக்கென்ன உரிமை என்று மனத்தின் ஒரு பாதி கேட்கத்தான் செய்கிறது. மூலநிரல் திறந்தே கிடக்கிறது. சி++ நிரல்மொழி தெரிந்த தமிழர் எவரும் இதைச் சீர்செய்யலாம். நான் ஓவியன். மென்பொருளைத் தனி ஓவியருக்கும் எட்டும்படி திறந்துவிட்டவர்கள், அந்த ஓவியர் எந்த மொழியில் எழுதுவார் என்பதையும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும் என்று மறுபாதி சொல்கிறது. இந்த வாரம் மறுபாதியின் குரலே ஓங்கியிருக்கிறது.

தம்பியின் கையில் இப்போது இருப்பது சிறுவர் பாடல் வரிசை. எழுத்துகளே பாத்திரங்களாக ஆட வேண்டும், சொல்லுக்குச் சொல் நிறம் மாற வேண்டும். வண்ணத்தட்டுக்கு நான் எழுதிய அத்தனை புகழுரைக்குப் பிறகும் என் பதில்: இந்த வேலைக்கு ஓபன்டூன்ஸ் வேண்டாம். பாடல் வரிசைக்குத் தேவைப்படும் மாதங்களுக்கு மட்டும் சந்தா கட்டிக்கொள்ளட்டும், அந்தச் செலவை வாடிக்கையாளரின் விலைப்பட்டியலிலேயே சேர்த்துவிடட்டும். நான் விடப்போவதில்லை, அடுத்த குறும்படத்தில் வசனமே கிடையாது, தலைப்பை மட்டும் கையால் எழுதிக்கொள்வேன். தம்பி எந்த மென்பொருளை எடுத்தாலும், அதன் சோதனைப் பதிப்பை நிறுவியதும் முதலில் 'கொக்கு' என்று தட்டிப் பார்த்துவிட்டு, அது சரியாக வந்தால் மட்டும் கடன் அட்டையை வெளியே எடுக்கட்டும்.