குற்றவாளி ஆவது எப்படி, அதிலிருந்து மீள்வது எப்படி: ஒரு இணைய வகுப்பின் விமர்சனம்

சிலர் மட்டும் ஏன் குற்றத்துக்குள் போகிறார்கள், அதில் சிலர் மட்டும் ஏன் வெளியே வருவதில்லை என்பதைக் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமைவரை பின்தொடரும் கோட்பாடுகள் பற்றிய வீடியோ வகுப்பு இது. முக்கால்வாசி அருமை, ஆனால் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்ட கடைசிப் பகுதியை அவசர அவசரமாக முடித்துவிட்டார்கள்.

சிலர் குற்றவாளியாகவே பிறக்கிறார்கள் என்று 19ஆம் நூற்றாண்டு இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ சொன்ன பிறவிக் குற்றவாளி கதையை நீட்டி முழக்காமல் நேராக நீண்டகால ஆய்வுகளுக்கு வந்துவிடுகிறார்கள், நல்லது. 1945இல் பிறந்து அமெரிக்காவின் பிலடெல்பியாவில் வளர்ந்த 9,945 ஆண் பிள்ளைகளைக் குற்றவியலாளர் வுல்ஃப்காங்கின் குழு ஆராய்ந்ததில், வெறும் 6 சதவீதம் பேர்தான் பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் செய்திருந்தார்கள். அப்படியென்றால் அந்தச் சிலரைச் சின்ன வயதிலேயே பிடித்துவிடலாமே என்று உடனே தோன்றும், அது ஏன் ஆபத்தான யோசனை என்று ஆசிரியர் பொறுமையாக விளக்குகிறார்: அதே மாதிரி வீட்டில் அதே மாதிரி முரட்டுத்தனத்தோடு வளர்ந்த பல பிள்ளைகள் பெரியவர்களாகி ஒழுங்காகத்தான் வாழ்கிறார்கள்.

உளவியலாளர் டெர்ரி மாஃபிட் 1993இல் சொன்ன இரு வகைப் பிரிவுதான் வகுப்பின் உச்சம். சிறு வயதில் தொடங்கி வாழ்நாள் முழுக்க விடாதவர்கள் கொஞ்சம் பேர். பதின்வயதில் மட்டும் தடம் மாறுகிறவர்கள் நிறையப் பேர். உடம்பு வளர்ந்தும் பெரியவர்களுக்கான உரிமையோ பொறுப்போ கிடைக்காத அந்த இடைவெளிதான் இரண்டாவது கூட்டத்தை இழுக்கிறது, பெரும்பாலோர் தானாக விட்டுவிடுவார்கள், ஆனால் போதைப் பழக்கமோ பாதியில் நின்ற படிப்போ போலீஸ் பதிவோ சிலரை அங்கேயே மாட்டிவைத்துவிடும் என்கிறார். பதினாறு வயதுப் பையனுக்குக் கடுமையான தண்டனை கேட்பவர்கள் இந்த ஒரு பாடத்தையாவது பார்க்க வேண்டும்.

அப்புறம்தான் ஏமாற்றம். ஹார்வர்டில் ஒரு அடித்தளத்தில் கிடந்த குளூக் தம்பதி என்ற குற்றவியல் ஆய்வாளர்களின் பழைய கோப்புகளை எடுத்து, மாசசூசெட்ஸ் மாநிலச் சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்த 500 பாஸ்டன் சிறுவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்தவர்கள் சாம்ப்சன், லாப் என்ற குற்றவியலாளர்கள். அந்தச் சிறுவர்களில் 52 பேரை ஏறக்குறைய 70 வயதில் தேடிப்போய்ப் பேசினார்கள். நிலையான வேலை, நல்ல மணவாழ்வு, ராணுவச் சேவை என்று ஏதோ ஒன்று சிலரைக் குற்றத்திலிருந்து பிடித்து நிறுத்தியதை அவர்கள் வாயாலேயே கேட்டார்கள். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரு பாடத்தின் வாலில் சில நிமிடங்கள்! அந்த 500 பேரும் வெள்ளையர்கள், எல்லோரும் ஆண்கள் என்பதும், பெண்களுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்பதும் பேச்சிலேயே இல்லை.

தேர்வுக் கேள்விகள் வெறும் மனப்பாடம், விட்டுவிடலாம். ஆசிரியர்கள், சிறார் நீதித்துறையில் வேலை செய்பவர்கள் தாராளமாகச் சேரலாம், மீண்டு வருவதைப் பற்றி மட்டும் தனியாகத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.