நான்கு பெரிய குதிரைப் பந்தயங்கள், ஒரு டிவி: எதில் உங்கள் குதிரை கண்ணுக்குத் தெரியும்?

மலேசியாவின் பினாங்குத் தீவில், பத்து காந்தோங் திடலில் 2025 மே மாதத்தோடு ஓட்டம் நின்றது. அதற்கு முன்பே, 2024 அக்டோபர் 5ஆம் தேதி சிங்கப்பூரின் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்துவிட்டது. கோலாலம்பூர்க்காரர்களுக்கு சுங்கை பீசி திடல் இருக்கிறது. பினாங்குத் தீவில் இருப்பவர்களுக்கு இனிப் பந்தயம் என்றால் பெரும்பாலும் டிவிதான். எனவே ஜப்பான் கோப்பை, ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் கோப்பை, அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி, இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் ஆகிய நான்கையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம். தேர்ந்தெடுத்த ஒரு குதிரையை, ஓட்டம் தொடங்கியதிலிருந்து முடிவைக் குறிக்கும் கடைசிக் கம்பம்வரை கண்ணால் பின்தொடர முடிகிறதா என்பதே அந்த அளவுகோல். குதிரை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போனால் பூமாலையும் தொப்பி அலங்காரமும் எத்தனை மணி நேரம் காட்டினாலும் பார்ப்பவர் ஒட்டமாட்டார்.

நம் மலேசியக் கடிகாரத்துக்கு எது தோது என்பது முதல் கேள்வி. மெல்பர்ன் கோப்பை நவம்பர் முதல் செவ்வாய், அங்கே பிற்பகல் 3 மணி, நமக்கு நண்பகல் 12. ஜப்பான் கோப்பை நவம்பர் கடைசி ஞாயிறு, நமக்கு மதியம் 2.40. டெர்பி மே முதல் சனிக்கிழமை மாலை ஓடும்; இங்கே ஞாயிறு காலை 7 மணிக்குச் சற்று முன், பசியாறும் நேரம். கிராண்ட் நேஷனல் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. 2024 முதல் அதன் தொடக்கம் அங்கே 4 மணிக்கு என்று மாறியதால், நமக்கு இரவு 11க்கே வந்துவிடுகிறது.

கண்ணுக்கு மிகச் சுலபமானது ஜப்பான்தான் என்று தயங்காமல் சொல்லலாம். டோக்கியோவில் ஜாக்கியின் (குதிரையோட்டியின்) சட்டை குதிரை முதலாளியின் நிறம், தொப்பியோ குதிரை கிளம்பும் கேட் வரிசையின் நிறம். எட்டுப் பிரிவுகள்: 1 வெள்ளை, 2 கறுப்பு, 3 சிவப்பு, 4 நீலம், 5 மஞ்சள், 6 பச்சை, 7 ஆரஞ்சு, 8 இளஞ்சிவப்பு. 18 குதிரைகள் ஓடினால் முதல் ஆறு பிரிவுகளில் இரண்டிரண்டு, கடைசி இரண்டில் மும்மூன்று. ஆக, தொப்பி நிறத்தைப் பார்த்ததுமே உங்கள் தேடல் இரண்டு மூன்று குதிரைகளுக்குள் அடங்கிவிடும். கடைசி நேர்ப்பாதை 525.9 மீட்டர். அதைக் கடக்க ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். பின்னால் கிடந்த குதிரை ஒவ்வொன்றாகத் தாண்டி வருவதை ஆற அமரப் பார்க்கலாம். 2018இல் ஆல்மண்ட் ஐ 2,400 மீட்டரை 2 நிமிடம் 20.6 வினாடியில் முடித்த ஓட்டத்தைப் போட்டுப் பாருங்கள், புரியும். ஒரே குறை, வர்ணனை ஜப்பானிய மொழியில் மளமளவென்று ஓடும். தொப்பி நிறம் தெரிந்தவருக்கு அது பெரிய தடையல்ல.

டெர்பி இதற்கு நேர் எதிர். இரண்டு நிமிட ஓட்டத்துக்கு அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி பல மணி நேரம் ஒதுக்குகிறது. குதிரைக்காரர், பயிற்சியாளர், பண்ணை என்று கதை சொல்வதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஓட்டம் தொடங்கியதும் கண் திணறும். 20 குதிரைகள், மண் தரை, முன்னால் ஓடுபவை வீசும் மண் பின்னால் வருபவர்களின் மேல். மழை பெய்திருந்தால் பாதி ஓட்டத்தில் எல்லாச் சட்டையும் ஒரே பழுப்பு. கடைசி நேர்ப்பாதையும் சுமார் 376 மீட்டர்தான்.

அங்கே கண்ணை விட எண்ணை நம்புங்கள். திரை மூலையில் கால் மைலுக்கு ஒருமுறை வரும் நேரம்தான் சாவி. 2022இல் முதல் கால் மைல் 21.78 வினாடி, அரை மைல் 45.36. ஒன்றேகால் மைல் ஓட வேண்டிய குதிரைகளுக்கு இது தாங்காத வேகம். முன்னால் போனவை வளைவு திரும்பியதும் துவண்டன. முந்தைய நாள்தான் ஓட்டத்தில் சேர்க்கப்பட்டு, வெளிக் கோடியிலிருந்து கிளம்பிய ரிச் ஸ்ட்ரைக், யாரும் எதிர்பாராத 80க்கு 1 என்ற பந்தய விலையில், உள்வேலியோரமாக நுழைந்து வென்றது. நேரலையில் பலர் அதைக் கடைசி நொடிகளில்தான் கண்டார்கள். மேலிருந்து எடுத்த மறுகாட்சியில்தான் அது கூட்டத்துக்குள் வளைந்து வந்த வழி முழுதாகத் தெரிந்தது. டெர்பி பார்ப்பவர்கள் ஓட்டம் முடிந்ததும் டிவியை அணைக்கக்கூடாது. 2019இலும் அப்படித்தான்: முதலில் வந்த மேக்சிமம் செக்யூரிட்டி குறுக்கே போனதாக, 20 நிமிடத்துக்கும் மேலான ஆய்வுக்குப் பின் கீழிறக்கப்பட்டு, கன்ட்ரி ஹவுஸ் வென்றதாக அறிவித்தார்கள்.

மெல்பர்ன் கோப்பை நடுவில் நிற்கிறது. 24 குதிரைகள் என்பது அதிகம்தான். ஆனால் 3,200 மீட்டர் என்பதால் மூன்று நிமிடத்துக்கு மேல் அவகாசம் உண்டு. அது ஓடும் ஃபிளெமிங்டன் திடலில் ஒரு சுற்று 2,312 மீட்டர். அதனால் கிளம்பி 900 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடியதும் கம்பத்தை ஒருமுறை கடந்துவிடுவார்கள். அந்தக் கட்டத்தில்தான் உங்கள் குதிரையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் அது தூரத்து நேர்ப்பாதைக்குப் போய்விடும், உருவம் சிறுத்துவிடும். சிக்கல் எங்கே வருமென்றால், ஒரே முதலாளிக்கு இரண்டு மூன்று குதிரைகள் இருக்கும்போது. சட்டை ஒன்றாகவே இருக்கும், தொப்பி மட்டும் மாறும். ஓட்டத்துக்கு முன்பே தொப்பி நிறத்தைக் குறித்துக்கொள்ளாதவர் வேறு குதிரைக்குக் கை தட்டிக்கொண்டிருப்பார். பந்தயத்தையே பார்த்திராத வீட்டாரோடு உட்கார இதுதான் ஏற்றது. ஆளுக்கொரு குதிரை கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

கிராண்ட் நேஷனல் தனி வகை. 34 குதிரைகள், சுமார் 6.9 கிலோமீட்டர், 30 வேலித் தாண்டல்கள், ஒன்பது பத்து நிமிடம். பாதியில் ஆள் விழுந்த குதிரையும் தானாகவே கூட ஓடும். அதை முன்னணி என்று எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு, சேணத்தில் ஜாக்கி இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். 1967இல் அப்படி ஆளில்லாத குதிரை ஒன்று குறுக்கே போய் 23ஆவது வேலியருகே கூட்டமே நின்றபோது, வெகு பின்னால் வந்த ஃபொய்னாவன் வழி கண்டு வென்றது. பரபரப்புக்கு இதற்கு ஈடு வேறில்லை. ஆனால் குதிரை விழுவதைப் பார்க்கச் சகிக்காதவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் இதன் முன் உட்காரவைக்க வேண்டாம்.

எந்தப் பந்தயமானாலும் கடைசி நொடியில் கண் ஏமாறும். முதன்மைக் கேமரா பெரும்பாலும் கம்பம் வருவதற்குச் சற்று முன்பே, கூட்டம் உட்காரும் பக்கம் இருக்கிறது. குதிரைகள் கேமராவை எட்டும்வரை தூரத்து வேலியோரம் ஓடுவது முன்னால் இருப்பதுபோல் தோன்றும். கேமராவைத் தாண்டியதும் நம் பக்கம் இருப்பது முந்தியதுபோல் தெரியும். கம்பத்துக்கு நேராக வைத்த புகைப்படக் கேமரா காட்டுவது மட்டுமே உண்மை. அந்தப் படம் வரும்வரை எழுந்து கத்த வேண்டாம்.

இணையம் வழி பார்ப்பவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். நேரலை சில வினாடி முதல் அரை நிமிடத்துக்கு மேலும் பிந்தி வரலாம். வாட்சாப் குழுவில் முடிவு முந்திக்கொள்ளும். கிளம்பும் இடத்துக்குக் குதிரைகள் வரத் தொடங்கியதும் கைப்பேசியை மௌனத்தில் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். ஒளிபரப்பு உரிமை கைமாறிக்கொண்டே இருப்பதால், எந்தச் சேனல் என்பதை ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள்.