ஸ்டாலியனா, ஜெல்டிங்கா?

காயடிக்காத ஆண் குதிரைக்கு வயதைப் பொறுத்துப் பெயர் மாறும்: பொதுவாக 4 வயதுக்குள் கோல்ட், அதற்கு மேல் ஸ்டாலியன். காயடித்தது 2 வயதானாலும் 20 வயதானாலும் ஜெல்டிங்தான்.

சவாரிக்கு மட்டும் என்றால் ஜெல்டிங்கையே வாங்குங்கள். பெரும்பாலும் சாதுவாக இருக்கும், மற்ற குதிரைகளோடு சேர்த்து மேய விடலாம். ஸ்டாலியனுக்குத் தனி லாயம், உறுதியான உயர வேலி, அனுபவமுள்ள ஆள் மூன்றும் வேண்டும்; இனப்பெருக்கத்துக்கு இல்லையென்றால் அவ்வளவு பாடு தேவையே இல்லை.

காயடித்த அன்றே குணம் மாறிவிடாது. விந்தணு சில வாரம் உடலில் தங்கும். அதனால் 6 வாரமாவது பெட்டைகளிடமிருந்து பிரித்து வையுங்கள். இரண்டு விரைகளும் இறங்கியிருக்கின்றனவா என்று மருத்துவர் முன்கூட்டியே தடவிப் பார்ப்பது முக்கியம். ஒன்று வயிற்றுக்குள்ளேயே தங்கிப்போனால் ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். பார்வைக்கு ஜெல்டிங், நடத்தையில் ஸ்டாலியன்.