ஆங்கில வினையடைகளோடு 12 ஆண்டுகள்: ஒப்பீடும் நிபந்தனையும்

"விண்ணப்பம் அனுப்பாவிட்டால் அனுமதி கிடைக்காது" என்ற வரியை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு அது. 'அன்லெஸ் யூ டூ நாட் சென்ட்' என்று தொடங்கி எழுதிக் கொடுத்துவிட்டேன். அனுப்பினால் அனுமதி இல்லை என்று பொருள் தலைகீழாகிவிட்டது. 'அன்லெஸ்' தனக்குள்ளேயே எதிர்மறையை வைத்திருக்கும் சொல். 'அனுப்பாவிட்டால்' என்பதில் இருந்த எதிர்மறையை அது ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்க, நான் அதன்மேல் ஒரு 'நாட்' ஏற்றினேன். கண்டிப்பான இலக்கணப்படி அது இணைப்புச் சொல்தான், வினையை விளக்க வரும் வினையடை அன்று. ஆனாலும் வினையடைகளைக் கவனித்துப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது அந்த ஒரு வரியால்தான்.

அன்றிலிருந்து 12 ஆண்டுகளாகக் கடிதங்களும் ஒப்பந்த வரைவுகளும் இரு மொழிகளிலும் எழுதி வருகிறேன். இவ்வளவு காலப் புழக்கத்தில் எனக்குத் தெளிவானது இதுதான்: தமிழ் ஒப்பீட்டையும் நிபந்தனையையும் சொல்லின் வாலில் கட்டுகிறது, ஆங்கிலம் அவற்றைத் தனிச் சொற்களாக வாக்கியத்தில் உலவவிட்டு, நிற்கும் இடத்தால் பொருளை முடிவு செய்கிறது.

முதலில் ஒப்பீடு. 'அவனைவிட வேகமாக ஓடினாள்' என்பதில் 'வேகமாக' சிறிதும் மாறவில்லை. பாரம் முழுவதும் 'விட' மேல். ஐந்தாம் வேற்றுமைக்கு எடுத்துக்காட்டாகப் பள்ளியில் படித்த 'காக்கையிற் கரிது களம்பழம்' என்பதும் அப்படியே. 'கரிது' வெறும் கரிதுதான், அதில் 'அதிகம்' என்ற பொருளுக்கு உருபு இல்லை. ஆங்கிலம் இரண்டு இடத்தில் குறி வைக்கிறது. வினையடையும் உருமாற வேண்டும், பின்னால் நம் 'விட'வுக்கு ஈடான 'தேன்' (than) என்ற சொல்லும் வர வேண்டும். தமிழில் பழகிய கை இதில் ஒன்றை விட்டுவிடும், அல்லது பயந்துபோய் 'மோர் ஃபாஸ்டர்' என்று இரட்டிப்பாக எழுதிவிடும். 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்த இரட்டிப்பு வழக்கில் இருந்தது. இன்றைய எழுத்து நடையில் அது பிழை.

'ஃபாஸ்ட்', 'ஹார்ட்', 'சூன்' போன்ற குறுஞ்சொற்கள் 'அர்' விகுதி ஏற்கும். 'லி'யில் முடிபவற்றுக்குப் பெரும்பாலும் 'மோர்' முன்னால் வரும். 'ஏர்லி' விலக்கு, அது 'ஏர்லியர்' ஆகும். 'வெல்' 'பெட்டர்' ஆவதும் 'பேட்லி' 'வர்ஸ்' ஆவதும் மனப்பாடம்தான், வேறு வழியில்லை. 'தேன்', 'பிறகு' எனப் பொருள்படும் 'தென்' (then) இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல் என்று அறிந்தபோது, இன்றும் பலர் அவற்றை மாற்றி எழுதுவது எனக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு, 'எவ்வளவுக்கெவ்வளவு பழகுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு எளிது' என்பதன் ஆங்கில வடிவம்: 'த மோர் யூ பிராக்டிஸ், த ஈசியர் இட் கெட்ஸ்'. இங்கே வரும் 'த' பெயருக்கு முன் வரும் சுட்டு அன்று. 'அந்த அளவால்' என்ற பொருள் தந்த பழைய வேற்றுமை வடிவம் வினையடையாக எஞ்சி நிற்கிறது. ஒப்பீடும் நிபந்தனையும் ஒரே வாக்கியத்தில் கைகோக்கின்றன. இரு மொழிகளும் இவ்வளவு நெருங்கி வரும் இடம் அரிது. ஒவ்வொரு முறை எழுதும்போதும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

நிபந்தனையில்தான் உண்மையான உழைப்பு. தமிழில் 'வந்தால்' என்ற ஒரு வடிவம் போதும். 'உம்' சேர்த்தால் 'வந்தாலும்', 'தான்' சேர்த்தால் 'வந்தால்தான்'. ஆங்கிலத்தில் இவை முறையே 'இஃப்', 'ஈவன் இஃப்', 'ஒன்லி இஃப்'. 'ஈவன்', 'ஒன்லி' என்ற இரண்டு வினையடைகளும் நம் 'உம்', 'தான்' செய்யும் வேலையைச் செய்கின்றன. இந்தப் பொருத்தம் பிடிபட்ட பிறகு என் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. ஆங்கில வாக்கியம் சிக்கினால், அதைத் தமிழில் சொல்லிப் பார்த்து 'தான்' எங்கே ஒட்டுகிறது என்று தேடுகிறேன். அந்தச் சொல்லுக்கு முன்னால் 'ஒன்லி' நிற்க வேண்டும். 'அதர்வைஸ்' தொல்லை தந்ததே இல்லை. நம் 'இல்லாவிட்டால்' போல, முன் வாக்கியத்தை மறுத்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும்.

'ஒன்லி இஃப்' வாக்கியத்தின் தலையில் வந்தால் பின்பகுதியில் துணைவினை எழுவாய்க்கு முன்னால் தாவும். 'மேலாளர் ஒப்புக்கொண்டால்தான் கையெழுத்திடுவோம்' என்பது 'ஒன்லி இஃப் த மேனேஜர் அக்ரீஸ் வில் வீ சைன்' என்றாகும். இதை இன்றும் இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

அதே இரண்டு சொற்களை இடம் மாற்றி 'இஃப் ஒன்லி' என்று வைத்தால் நிபந்தனை பெரும்பாலும் ஏக்கமாகிவிடும். ஒருமுறை ஒப்பந்த வரைவு ஒன்றில் 'முன்பணம் வந்தால்தான் பணி தொடங்கும்' என்பதற்கு 'இஃப் ஒன்லி' என்று எழுதியிருந்தேன். சரிபார்த்த மூத்த சக ஊழியர் அதைச் சுழித்து, ஓரத்தில் தமிழிலேயே எழுதி அனுப்பினார்: "முன்பணம் மட்டும் வந்துவிட்டால்!"